குழிச் சேறு

நிவித்திகலையில் எங்களுடையது ரப்பர்த் தோட்டம். விடியுமுன் பால் வெட்டப் போகும் அப்பா, பாலை நிறுத்துக் கொடுத்து வாளியைக் கழுவிக் கவிழ்த்ததும் வயலோரத்து மாணிக்கக் குழிக்கு இறங்கிவிடுவார். தோட்டத்துச் சம்பளம் அரிசிக்கும் மாவுக்கும் சரியாகப் போய்விடும். குழியில் கல் அகப்பட்டால் பங்கு கிடைக்கும்.

பள்ளிக்கூடம் விட்டதும் நானும் அங்கேதான் நிற்பேன். சதுரமாக வெட்டி இறக்கிய குழி. மண் சரியாமலிருக்க நாலு பக்கமும் மரம் அடுக்கி, மரத்துக்குப் பின்னால் கெகில்லத் தழையை இறுகத் திணித்திருப்பார்கள். தண்ணீர் இறைக்கும் பம்பு ஓயாமல் இரையும். அடியில் இல்லம் என்னும் மாணிக்கச் சரளை தட்டுப்பட்டால் அதை மேலேற்றி, வட்டிக் கூடையில் போட்டுக் கலங்கல் நீருக்குள் சுழற்றிச் சுழற்றி அலசுவார்கள். இடுப்பளவு நீரில் நிற்கும் அப்பாவின் விரலிடுக்குகள் வெளுத்து ஊறிப்போயிருக்கும். முழங்காலில் கீறல் இல்லாத நாளில்லை.

“என்னங்க, காலக் கழுவாம காம்பராவுக்குள்ள வராதீங்க. அந்தச் சேத்துல என்னென்ன கெடக்கோ” என்று அம்மா வாசலிலேயே வெந்நீரோடு நிற்பார்.

ஒரு மழைக்காலத்தில் பக்கத்துக் காம்பரா மாமாவுக்குக் காய்ச்சல் கண்டது. கண் இரண்டும் சிவந்து, கெண்டைக்காலைத் தொட்டாலே கத்தினார். சிறுநீர் குறைந்து மஞ்சளித்தபோது இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எலிக்காய்ச்சல்.

அந்தக் கிருமியின் பெயர் லெப்டோஸ்பைரா என்பதைப் பல வருடங்கள் கழித்துப் படித்தேன். 1915இல் ஜப்பானில் இனாடாவும் இடோவும் அதை இனங்கண்டார்கள். அவர்கள் பார்த்த நோயாளிகளில் கியூஷு தீவின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் இருந்தார்கள். அங்கேயும் தோண்டிய குழி, ஊறிய நீர், எலி. படித்துக்கொண்டிருந்தவனுக்கு எங்கள் வயலோரம் கண்முன் வந்தது.

முறுக்கிய நூல்போன்ற மெல்லிய உயிர் அது. வெயிலில் காய்ந்தால் சீக்கிரமே செத்துப்போகும். எலியின் சிறுநீரகத்தில் தங்கி, சிறுநீரோடு வெளியேறி, ஈரச் சேற்றில் வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கிலும் உயிரோடிருக்கும். ஒன்றோடொன்று கூடி வழுவழுப்பான படலமாகப் படிந்துகொள்வதும் அதற்குத் துணை. ஊறிய தோலும் சின்னக் கீறலும் போதும், உள்ளே புகுந்துவிடும். நமக்குத் தாங்க முடியாத குழிதான் அதற்குச் சௌகரியமான வீடு. காய்ந்து கிடக்கும் லயத்து வாசற்படியே அதற்குக் கொடுமையான இடம்.

அதே சேற்றில் இன்னொரு வகைக் கிருமியும் உண்டு. குழி மரத்திலிருந்த ஆணி அண்ணனின் குதிகாலில் ஏறியபோது, தோட்டத்து மருந்துக் காம்பரா ஐயா ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டார். ஸ்பிரிட் அடுப்பில் ஊசி கொதித்துக்கொண்டிருந்தது. “கொதிக்க வச்சாலும் சாகாத கிருமி இருக்குடா தம்பி. ஏற்பு அந்தச் சாதி” என்றார். ஏற்புக் கிருமி நெருக்கடி வந்தால் உடலிலிருந்த நீரை ஒடுக்கி, தடித்த உறைக்குள் சுருண்டு வித்தாகிவிடும். அந்த வித்துக்குப் பசியில்லை, வளர்ச்சியில்லை. மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். காற்றுப் புகாத ஆழமான ஆணிக்குத்து அதற்கு வாய்த்தால் விழித்துக்கொள்ளும். 1889இல் கிடசாட்டோ இந்தப் பிடிவாதத்தையே பயன்படுத்தினார்: கலந்து வளர்ந்த கிருமிகளை 80 பாகை வரை சூடாக்கினார், மற்றவை மடிய, ஏற்பின் வித்துகள் மிஞ்சின. அப்படித்தான் அதைத் தனியே பிரித்தெடுத்தார். வித்துகளை முற்றாகக் கொல்ல, அழுத்தமேற்றிய 121 பாகை நீராவி வேண்டும். எங்கள் மருந்துக் காம்பராவில் அந்தக் கருவி இருக்கவில்லை.

ஏற்புக்குத் தடுப்பூசி உண்டு. எலிக்காய்ச்சலுக்கு, சேற்றில் இறங்குமுன் சுகாதாரப் பரிசோதகர்கள் தரும் டொக்சிசைக்கிளின் இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம். ஆனால் கேட்டு வாங்குகிறவர் குழிக்குப் போவதை ஒப்புக்கொள்ள வேண்டும். மாமா பிழைத்து வந்த பிறகுதான் தெரிந்தது, ஆஸ்பத்திரியில் முதல் இரண்டு நாளும் ‘பால் வெட்டுகிறேன்’ என்று மட்டுமே சொல்லியிருக்கிறார். அவர் இறங்கிய குழிக்குப் பர்மிட் இல்லை. பர்மிட் இல்லாத குழிக்காரனும் பயமில்லாமல் அந்த மாத்திரையை வாங்க வழி செய்யவேண்டும். எலியும் சேறும் பர்மிட் பார்ப்பதில்லை.