இரண்டு சூரியோதயமும் ஒரு நீண்ட இரவும்

பெர்த் நகரில் விமானம் ஏறினால் அடுத்தபடி காலை ஊன்றுவது லண்டனில்தான். நடுவில் இறங்கிக் காப்பி சாப்பிட வழியில்லை! தூரம் 14,498 கிலோமீட்டர். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலிருந்து குவாண்டாஸ் கம்பெனி இந்தப் பிரயாணத்தை 2018 மார்ச்சில் துவக்கியது. அடுத்த மாதமே நானும் ஏறிவிட்டேன்.

கிளம்புமுன் ஒரு வேடிக்கை செய்து பார்த்தேன். வீட்டில் குழந்தைகளின் பூகோள உருண்டை இருந்தால் நீங்களும் செய்யலாம். பெர்த்தில் ஒரு நூலை வைத்து லண்டன் வரை விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். நூல் இந்து மகாசமுத்திரத்தைத் தாண்டி, கண்டிப் பக்கமாக இலங்கையைக் கடந்து, நம் இராமநாதபுரத்தில் கரையேறி, மைசூர்ப் பக்கமாகப் போய் அரபிக் கடலில் இறங்கும்! சுவரில் மாட்டும் தட்டைப் படத்தில் இது தெரியாது. ஆனால் பைலட் நூல் பிடித்தாற்போல் போவதில்லை. அன்றைய காற்று எப்படி, எந்த நாட்டு வானம் திறந்திருக்கிறது என்று பார்த்து ஒதுங்கிப் போவார். மேற்கே போகையில் எதிர்காற்று; ஆகவே பதினேழு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. திரும்பும்போது சற்றுக் குறைவு.

பக்கத்து ஆசனத்தில் எண்பது வயதிருக்கும் ஓர் ஆங்கிலேய அம்மாள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம், "இப்போது எங்கே இருக்கிறோம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். லண்டன் ஆஸ்பத்திரியில் அவருடைய தங்கை. நினைவு வருவதும் போவதுமாக இருக்கிறதாம்.

"1963-ல் பத்துப் பவுன் வாங்கிக்கொண்டு எங்களைக் கப்பலேற்றினார்கள். ஏறக்குறைய ஒரு மாதம். என் தாயார் இறந்தபோது விமானம் இருந்தது, டிக்கெட்டுக்குப் பணந்தான் இல்லை" என்றார்.

என்ன சொல்வதென்று தெரியவில்லை. பொழுது போகட்டுமென்று ஒரு பழைய கதையை ஆரம்பித்தேன்.

1942-ல் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்ததும் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இருந்த ஆகாய மார்க்கம் அறுந்துபோயிற்று. 1943-லிருந்து 1945 வரை காட்டலினா என்னும் கடல் விமானங்கள் பெர்த்தின் ஸ்வான் நதியிலிருந்து எழும்பி, காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கல ஏரியில் வந்து இறங்கின. சுமார் 5,600 கிலோமீட்டர் வெறும் தண்ணீர். எதிரி காதில் விழாதிருக்க ரேடியோ பேசக்கூடாது. நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் வழி. பெட்ரோல் பாரத்தினால் மூன்று பிரயாணிகளுக்கு மேல் ஏற்ற முடியாது. 27 முதல் 33 மணி நேரம் பறந்ததால் ஒரே பிரயாணத்தில் இரண்டு சூரியோதயம் பார்ப்பார்கள். பார்த்தவர்களுக்கு அத்தாட்சிப் பத்திரமே கொடுத்தார்கள்! யுத்தம் முடிந்தபின், 1947-ல் கூட, சிட்னியிலிருந்து கல்கத்தா, கராச்சி, கெய்ரோ என்று இறங்கி இறங்கி லண்டன் போக நான்கு நாள் ஆயிற்று.

"நமக்கு எத்தனை சூரியோதயம்?" என்று கேட்டார் அம்மாள்.

ஒன்றுகூட இல்லை. பொழுது சாய்ந்தபின் கிளம்பினோம். சூரியன் போகும் திசையிலேயே நாங்களும் போனதால் வழியெல்லாம் இருட்டு. லண்டனில் இறங்கியபோதும் விடியவில்லை. சாப்பாடு, தூக்கம், மறுபடி சாப்பாடு எல்லாம் அந்த ஒரே ராத்திரிக்குள். கால்தான் மரத்துப்போயிற்று.

சக்கரம் தரையைத் தொட்டதும் அம்மாள் கைபேசியைத் திறந்தார். கை நடுங்கியது. என்னிடம் நீட்டி, "கண்ணாடி பெட்டியில் இருக்கிறது, நீங்கள் படியுங்கள்" என்றார்.

தங்கை மகன் அனுப்பியிருந்தான்: 'வாசலில் நிற்கிறேன். அம்மா கண் விழித்தாள். இன்னுமா வரவில்லை என்று கோபிக்கிறாள்.'