டவுட்டன் மாளிகை

சென்னை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், மகளிர் கிறித்தவக் கல்லூரி வளாகத்துக்குள் கூவத்தை ஒட்டி நிற்கும் தோட்ட வீடுதான் டவுட்டன் மாளிகை. கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர் பெஞ்சமின் ரோபக் 1798 வாக்கில் கட்டியது என்பார்கள்.

பெயர் வந்தது, பின்னர் இங்கே வாழ்ந்த ஜெனரல் ஜான் டவுட்டனால். 1817இல் நாக்பூரில் போரிட்டு, 1847இல் சென்னையில் இறந்தவர் இவர். வேப்பேரியில் ‘டவுட்டன்’ என்று பேருந்து நிற்கும் இடத்துக்குப் பெயர் தந்தவர் வேறொருவர்: நிஜாமின் படையில் கேப்டனாக இருந்து, கல்விக்குச் சொத்தை எழுதிவைத்த ஜான் டவுட்டன். இருவரையும் ஒருவராக்குவது தவறு. பிணையாகச் சென்னைக்கு வந்த திப்புவின் பிள்ளைகளையும் இந்த வீட்டோடு முடிச்சுப்போட வழியில்லை. அவர்கள் 1794இலேயே தந்தையிடம் திரும்பிவிட்டார்கள்; அப்போது இந்த வீடே இல்லை.

இங்கே உண்மையாகவே சிறையிருந்தவர் பரோடா மன்னர் மல்ஹர் ராவ் கெய்க்வாட். அங்கிருந்த பிரிட்டிஷ் பிரதிநிதி (ரெசிடென்ட்) கர்னல் ஃபேரின் பம்பளிமாஸ் சர்பத்தில் நஞ்சு கலக்கச் சொன்னார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டு. ஆர்சனிக்கோடு வைரப்பொடியும் சேர்ந்ததாகச் சொன்னார்கள். 1875இல் ஆறு பேர் விசாரித்தார்கள். வெள்ளையர் மூவரும் குற்றவாளி என்றார்கள். குவாலியர் மன்னர், ஜெய்ப்பூர் மன்னர், திவான் தினகர் ராவ் ஆகிய மூவரும் அதை ஏற்கவில்லை. சரிபாதியாகப் பிளந்த தீர்ப்பை ஒதுக்கிவிட்டு, ஆட்சி சரியில்லை என்ற காரணத்தைச் சொல்லி பிரிட்டிஷ் அரசு அவரை அரியணையிலிருந்து இறக்கியது. ரயிலேற்றிச் சென்னைக்கு அனுப்பப்பட்டவர் ஊர் திரும்பவே இல்லை. 1882இல் சென்னையிலேயே இறந்தார். மாளிகையின் கதையில் மனத்தை விட்டு அகலாத பகுதி இதுதான். ஜெனரலின் பெயர் வீட்டுக்கு நிலைத்தது. மன்னரின் பெயரைச் சென்னையில் அறிந்தவர் வெகு சிலர்.

1915இல் கீழ்ப்பாக்கம் ஹைட் பார்க்கில் தொடங்கிய கல்லூரி, மறு ஆண்டே இங்கு குடிவந்தது. அப்போது முதல்வராக இருந்தவர் எலினர் மக்டூகல். மாளிகை இன்றுவரை நிற்பதற்குக் கல்லூரி அதில் புழங்கியதே காரணம்.

மெரினாவில் ராணி மேரி கல்லூரி 1914இல் தொடங்கிய கேப்பர் மாளிகைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பாழாக விட்டு, இடித்தே போட்டார்கள். அது மன்னிக்கக்கூடிய காரியமல்ல. மிஞ்சிய தோட்ட வீடுகளுக்கும் பழுதுபார்ப்பே பகையாகிறது. சுண்ணாம்புச் சாந்துச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமென்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். செங்கல் உப்புப் பூத்து உதிரும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கல்லால் தேய்த்துப் பளிங்காக மெருகேற்றிய பூச்சின்மேல் எனாமல் பெயின்ட் அடிப்பதும் அதே கேட்டைத்தான் செய்கிறது.