பொம்மைக்கு மூச்சு கொடுத்த நாள்

ரெண்டு வாரமா ஒண்ணும் எழுத முடியல. வேர்க்கடலை பிடுங்கி, ஆய்ஞ்சு, காயப்போட்டு முடிக்கறதுக்குள்ள இடுப்பு விட்டுப்போச்சு. கடலை விலை கதையை இன்னொரு நாள் எழுதறேன். இன்னைக்கு வேற விஷயம்.

போன வாரம் எங்க பக்கத்து சுகாதார நிலையத்துல டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் ஒரு நாள் பயிற்சி நடந்தது. அவசரத்துல ஓர் உயிரை எப்படிப் பிடிச்சு நிறுத்தறதுன்னு கையால செஞ்சு பழகற பயிற்சி. என்னைக் கூப்பிட்டது பெஞ்சு ஏத்திக்கிட்டு வரத்தான். இறக்கி வெச்சுட்டுக் கிளம்பும்போது, பயிற்சி கொடுக்க வந்த டாக்டரம்மா, "ஐயா, கொஞ்ச நேரம் இருப்பீங்களா? பாம்பு கடிச்ச ஆளா நடிக்க ஒருத்தர் வேணும்" என்றார்கள். சவுக்குத் தோப்புல நிஜ விரியனையே தாண்டிக் குதிச்சவன் நான். சரின்னு போய்ப் படுத்துட்டேன்.

ஒரு நர்ஸம்மா வேகமா வந்து என் கால்ல கயிறு கட்டப் போனாங்க. "கட்டக் கூடாது, கீறக் கூடாது, காலை ஆட்டாம வைங்க" என்று டாக்டரம்மா தடுத்தார்கள். அப்புறம் ஒரு சோதனை. சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிஷம் அசைக்காம வைக்கணும். அப்புறம் சாய்ச்சுப் பார்க்கணும். உறையாம தண்ணியா ஓடினா விரியன் விஷம் ரத்தத்துல இறங்கிடுச்சுன்னு அர்த்தம். விஷமுறிவு மருந்தை உடனே ஏத்தணும். கட்டுவிரியன்னா ரத்தம் உறையும், ஆனா கண் இமை தொங்கும். அதையும் பார்க்கணும்.

எவ்வளவு சுலபம் என்று நினைச்சேன். ரத்தத்துக்குப் பதிலா சிவப்புத் தண்ணி வெச்சு செஞ்சு காட்டச் சொன்னாங்க. ஒருத்தர் பிளாஸ்டிக் குழாயை எடுத்தார். இன்னொருத்தர் அஞ்சாவது நிமிஷமே தூக்கி ஆட்டிப் பார்த்தார். எல்லாரும் இதைப் படிச்சுப் பரீட்சை எழுதினவங்கதான். கை மட்டும் படிக்கல.

மதியம் பொம்மையைப் பிரிச்சாங்க. இடுப்பு வரைக்கும் உள்ள ரப்பர் பொம்மை. அதைப் பார்த்ததும் எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. ஏன்னு சொல்றேன்.

பத்து வருஷத்துக்கு முன்னாடி, ஏரிக்கரைக் குப்பத்துல எனக்குத் தெரிஞ்ச மீன்காரரோட பையன், ஒன்பது வயசு, படகுல விளையாடிக்கிட்டு இருந்தவன் தண்ணியில விழுந்துட்டான். தேடி எடுத்துக் கரைக்குக் கொண்டுவந்தாங்க. நான் நெல் மூட்டை விஷயமா அங்க போயிருந்தேன். பையனை வாங்கினது என் கைதான். எங்க ஊர் வழக்கப்படி தலைகீழா தூக்கினேன். சுத்தினேன். வயித்தை அமுக்கினேன். வாயிலேருந்து தண்ணி வந்தது. "வந்துடுச்சு, வந்துடுச்சு"ன்னு எல்லாரும் கத்தினோம். மூச்சு வரல.

ஆட்டோவுல போட்டு ஒரு சுகாதார நிலையத்துக்கு ஓடினோம். எந்த ஊர்னு சொல்ல வேண்டாம். சாயங்கால நேரம், ஒரே ஒரு நர்ஸம்மா. வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். அலமாரியைத் திறந்து, மூச்சு கொடுக்கற பையை, ஆம்பு பேக்னு சொல்வாங்களே அதை, எடுத்தாங்க. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கல. பிரிச்சு முகத்துல வெச்சு அமுக்கினா, காத்து பக்கவாட்டுல புஸ்ஸுனு போகுது. நெஞ்சு ஏறவே இல்லை. அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டே அமுக்குச்சு. பையன் போயிட்டான்.

வெளியே வந்து நான் அந்த நர்ஸம்மாவைத் திட்டின திட்டு, இப்ப நினைச்சாலும் கூசுது. "சம்பளம் வாங்கறீங்களே, ஒரு பையை அமுக்கத் தெரியாதா?"ன்னு கேட்டேன். கூட்டத்துல எல்லாரும் என் பக்கம்தான் நின்னாங்க.

போன வாரம்தான் அந்தப் பையைப் பிடிக்கறது என்ன வேலைன்னு பார்த்தேன். கட்டை விரலும் சுட்டு விரலும் வளையமா மாஸ்கை அழுத்திப் பிடிக்கணும். மீதி மூணு விரல் தாடை எலும்பை மேல தூக்கணும். தலை சரியான கோணத்துல சாயணும். இதெல்லாம் ஒரே கையில. இன்னொரு கையால பையை அமுக்கணும். பொம்மையோட நெஞ்சு ஏறினாத்தான் காத்து உள்ள போச்சுன்னு கணக்கு. இருபது வருஷ அனுபவம் உள்ள நர்ஸுக்கே முதல் நாலு தடவை நெஞ்சு ஏறல. அஞ்சாவது தடவை ஏறினதும் கைதட்டினாங்க. நான் தட்டல. அன்னைக்கு அழுதுக்கிட்டே அமுக்கின பொண்ணு கண்ணுல நின்னுச்சு. அதுக்கு ஒரு பொம்மை மேல அஞ்சு தடவை பழக யாரும் வாய்ப்பு கொடுத்திருக்க மாட்டாங்க.

டாக்டரம்மா சொன்ன அடுத்த பாடம் எனக்கே சொன்ன மாதிரி இருந்தது. "தண்ணியில மூழ்கினவங்களைத் தலைகீழா தூக்காதீங்க. வர்ற தண்ணி பெரும்பாலும் வயித்துத் தண்ணி. மூளை காத்து இல்லாம நாலஞ்சு நிமிஷத்துக்கு மேல தாங்காது. மல்லாக்கப் படுக்க வெச்சு, முதல்ல மூச்சு கொடுங்க. அப்புறம் நெஞ்சு நடுவுல 30 அமுக்கு, 2 மூச்சு. நிமிஷத்துக்கு நூறு அமுக்குக்குக் குறையாம."

எல்லாரும் டீ குடிக்கப் போனதும் மெதுவா கேட்டேன். "அம்மா, அன்னைக்கு நான் மூச்சு கொடுத்திருந்தா அவன் பிழைச்சிருப்பானா?"

"எவ்வளவு நேரம் தண்ணிக்குள்ள இருந்தான்னு தெரியாம யாராலயும் சொல்ல முடியாதுங்க ஐயா. உங்களுக்கும் யாரும் சொல்லித்தரல இல்ல" என்றார்கள்.

அந்தக் கடைசி வார்த்தையை நான் அந்த நர்ஸுக்குச் சொல்லியிருக்கணும்.

டீ நேரத்துல டாக்டரம்மா ஒரு கதை சொன்னாங்க. 1976-ல அமெரிக்காவுல ஜேம்ஸ் ஸ்டைனர்னு ஒரு எலும்பு டாக்டர், குடும்பத்தோட சின்ன விமானத்தை ஓட்டிக்கிட்டுப் போகும்போது நெப்ராஸ்கா மாநிலத்துல ஒரு வயல்ல விழுந்துட்டார். மனைவி இறந்துட்டாங்க. நாலு பிள்ளைகள்ல மூணு பேருக்குப் பலத்த அடி. பக்கத்துக் கிராம ஆஸ்பத்திரியில எதை முதல்ல செய்யணும்னே யாருக்கும் தெரியல. அவரும் சேர்ந்த டாக்டர்கள் 1978-ல கிராமத்து டாக்டர்களுக்காக ஒரு பயிற்சியை உண்டாக்கினாங்க. அது இன்னைக்கு 80-க்கும் மேற்பட்ட நாடுகள்ல நடக்குது. அவரும் அன்னைக்கு என்னை மாதிரி கோபப்பட்டுத்தான் இருப்பார். நான் திட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். அவர் சொல்லிக்கொடுக்கப் போனார்.

சென்னையிலிருந்து படிக்கிற நண்பர்களுக்கு ஒண்ணு சொல்லணும். நம்ம மாநிலத்துல 2008-லேருந்து 108 ஆம்புலன்ஸ் ஓடுது. விபத்து, அவசர சிகிச்சைக்குன்னு 2017-ல அரசு தனித் திட்டமே தொடங்கினது. எல்லாம் நல்லது. ஆனா பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி அரசு மருத்துவமனை 20 கிலோமீட்டர்கிட்ட. சில குப்பத்துக்காரங்க ரோட்டுக்கு வரவே படகு ஏறணும். அந்த முதல் சில நிமிஷத்துக்கு இருக்கிறது கரையில நிக்கற ஆளும், பக்கத்து சுகாதார நிலையத்து நர்ஸும்தான். 2011 கிறிஸ்துமஸ் அன்னைக்கு இங்க படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தாங்க, சுத்திப் பார்க்க வந்தவங்க. ஞாயித்துக்கிழமை நீங்களும்தானே வர்றீங்க.

சாயங்காலம் பொம்மையை மடிச்சு வேன்ல ஏத்திட்டாங்க. அடுத்த ஊர்ல பயிற்சியாம். பழகாம விட்டா சில மாசத்துலயே கை மறந்துடும்னு அவங்களே சொன்னாங்க. அப்புறம் எங்க நர்ஸம்மா கேட்டாங்க: "அண்ணா, கொல்லை பொம்மை கட்டுவீங்களே, எங்களுக்கு ஒண்ணு கட்டித் தர முடியுமா?"

கட்டினேன். கோணிப்பைக்குள்ள தேங்காய் நார் திணிச்சு, நெஞ்சு இடத்துல ரெண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை மூடி இறுக்கி வெச்சேன். அமுக்கினா இறங்கி, விட்டா எழும்புது. மூச்சு கொடுக்கப் பழக இது உதவாது. அதுக்கு நிஜப் பொம்மைதான் வேணும். கேட்டு மனு எழுதிக்கிட்டு இருக்கோம். நெஞ்சு அமுக்கப் பழக இது போதும்னு நர்ஸம்மா சொல்லிட்டாங்க.

எங்க ஏரியில பாடுன்னு ஒரு முறை உண்டு. எந்த இடத்துல யார் வலை போடறதுன்னு முறை வெச்சு மாத்திக்கிட்டே இருப்பாங்க. அது மாதிரி சுகாதார நிலையத்துல வாரத்துக்கு ஒருத்தர் முறை வெச்சு பொம்மையை அமுக்கறாங்க. போன செவ்வாய்க்கிழமை குப்பத்துலேருந்து நாலு பையனுங்களைக் கூட்டிக்கிட்டுப் போனேன். முதல்ல நான் அமுக்கினேன். ரெண்டு நிமிஷத்துல மூச்சு வாங்கிடுச்சு. "இன்னா மாமா, அவ்ளோதானா?"ன்னு சிரிச்சானுங்க.

அவனுங்களும் ரெண்டு நிமிஷத்துக்கு மேல தாங்கல. அடுத்த செவ்வாய்க்கிழமையும் போறோம்.