பனியில் செய்த பெண் குழந்தை

தங்கை மகள் ஊருக்கு வந்தபோது எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போன ஆங்கில நாவல் ஒன்றை என் மனைவி மூன்றே நாளில் படித்து முடித்தாள். "நீங்களும் படிங்க" என்று என் பக்கம் தள்ளினாள். சாதாரணமாக அப்படிச் சொல்ல மாட்டாள்.

எயோவின் ஐவி எழுதிய 'தி ஸ்நோ சைல்ட்'. 2012-ல் வந்தது, அடுத்த வருடம் புலிட்சர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம் பெற்றது. ஆசிரியை அலாஸ்காவில் வளர்ந்தவர். கதையும் அங்கேதான், 1920-ல் ஆரம்பிக்கிறது.

ஜாக், மேபல் என்று நடுவயது தாண்டிய தம்பதி. பிறந்த ஒரே குழந்தையும் உயிரில்லாமல் பிறந்தது. சொந்தக்காரர் வீட்டுக் குழந்தைகளின் சத்தமும் ஊர்ப் பேச்சும் தாங்காமல், பென்சில்வேனியாவை விட்டு அலாஸ்கா காட்டுக்கு நிலம் திருத்தப் போகிறார்கள். அங்கே குளிரும் இருட்டும் தனிமையும்தான். கதை தொடங்கும்போதே மேபல், உடைந்தால் உடையட்டும் என்று உறைந்த ஆற்றின் மேல் நடக்கிறாள். பனிக்கட்டி உடையவில்லை.

முதல் பனி பெய்த இரவில் இருவரும் விளையாட்டாகப் பனியில் ஒரு சிறுமியைச் செய்து, கையுறையும் கழுத்துத் துணியும் போட்டுவிடுகிறார்கள். காலையில் பனிச்சிலை இல்லை, துணிகளும் இல்லை. காட்டை நோக்கிச் சின்னக் காலடித் தடம் மட்டும் போகிறது. பிறகு மரங்களுக்கிடையே ஒரு சிறுமி தென்படுகிறாள்.

பிள்ளையில்லாத கிழவனும் கிழவியும் பனியில் பெண் செய்த கதை ரஷ்யாவில் காலங்காலமாகச் சொல்வது. அதில் அந்தப் பெண் கடைசியில் உருகிப் போய்விடுவாள். மேபலுக்கு அந்தக் கதை தெரியும். தெரிந்தும் சிறுமிக்கு நீலக் கம்பளிக் கோட்டு தைக்கிறாள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

1983-ல் நாங்கள் கும்பகோணத்தில் இருந்தோம். என் பழைய வேட்டியைக் கிழித்து இவள் ஏழு சின்னச் சட்டை தைத்து வைத்திருந்தாள். ஐப்பசி மழையில் பிறந்தது பெண், மூச்சு இல்லை. மயக்கத்தில் இருந்த இவள் முகம்கூடப் பார்க்கவில்லை. நானும் மாமாவும்தான் கொண்டு போனோம். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சட்டைகளை யாருக்கோ கொடுத்துவிட்டேன். நல்லது செய்வதாக நினைப்பு. அதன்பின் எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி இருவரும் பேசியதும் இல்லை.

நாவலை நான் முடித்த அன்று ராத்திரி, விளக்கை அணைத்த பிறகு கேட்டாள்:

"என்னங்க, அவ யாரு மாதிரி இருந்தா?"

தெரியாது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இத்தனை வருடம் அதைத்தானே செய்தேன்.

"நெத்தி உன்னது. முடி நிறைய இருந்தது. விரல் நீளம்" என்றேன்.

"சட்டை போட்டு விட்டீங்களா?"

"போட்டுத்தான் கொண்டு போனேன். மஞ்சக்கரை வேட்டியில தைச்சது."

"அப்ப ஆறுதான் மத்தவங்களுக்குப் போச்சு" என்றாள். வெகு நேரம் என் கையை விடவில்லை.

ஜாக்கும் தன் குழந்தையை அடக்கம் செய்துவிட்டு வாய் திறக்காமல் இருந்தவன்தான். என்னைப் போன்றவர்கள் யாராவது இதைப் படித்தால், இன்றைக்கே பேசிவிடுங்கள். நாவல் கிடைத்தால் அதையும் படியுங்கள். முடிவை நான் சொல்லவில்லை.