செருகினால் ஓட வேண்டும்

சோனியின் விளையாட்டுப் பெட்டியான பிளேஸ்டேஷன் 5-இன் முன்னாலும் பின்னாலும் யு.எஸ்.பி. துளைகள் இருக்கின்றன. அவற்றில் 8 டெராபைட் வரையுள்ள ஹார்ட் டிஸ்க்கைச் செருகலாம். பெட்டி அதிலிருப்பதையெல்லாம் அழித்து, தன் முறைப்படி ஃபார்மேட் செய்து, விளையாட்டுகளை அதில் அடுக்கி வைத்துக்கொள்ளும். பாட்டுக் கோப்புகள் உள்ள பென் டிரைவைச் செருகினால் பாட்டையும் போடும். தங்கை கல்யாண வீடியோவை அதே பென் டிரைவில் போட்டுச் செருகினால் மட்டும் கண்டுகொள்ளாது. இத்தனைக்கும் நாம் விளையாடும்போது தானே பதிவு செய்துகொண்ட எம்.பி.4 வீடியோவை அது பிசிறில்லாமல் ஓட்டிக் காட்டுகிறது. அதன் எம்.பி.4 ஓடும், நம் கைபேசியின் எம்.பி.4 ஓடாது. இந்தச் சிறு வேறுபாடு என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. ஓட்டும் திறமை பெட்டிக்குள் இருக்கிறது. நம் கோப்புக்கு அதைத் தரக் கூடாது என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அந்த முடிவு தவறு என்பதே என் கட்சி. காசு கொடுத்து வாங்கியவர் தன் கையால் கொண்டுவந்து செருகும் படத்தை ஓட்டாத பெட்டி, முழுதாக அவருடையது ஆவதில்லை.

முன்பு ஓடியது என்பதே முதல் சாட்சியம். 2006-இல் வந்த பிளேஸ்டேஷன் 3 பென் டிரைவில் இருந்த வீடியோவை ஓட்டியது. 2007 டிசம்பரில் வந்த மென்பொருள் புதுப்பிப்போடு டிவ்எக்ஸ் கோப்புகளையும் ஏற்றுக்கொண்டது. அதே மாதம் போட்டியாளரான மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் அந்தத் திறமை வந்தது. 2013 நவம்பரில் பிளேஸ்டேஷன் 4 கடைக்கு வந்தபோது இந்த வசதியைக் காணோம். வாங்கியவர்கள் விடாமல் கேட்டார்கள். 2015 ஜூனில் மீடியா பிளேயர் என்ற செயலியாக அது திரும்பி வந்தது. 2020 நவம்பரில் அடுத்த பெட்டி வந்தது, மறுபடியும் காணோம். ஒவ்வொரு தலைமுறையிலும் பெட்டியின் வலு பலமடங்கு ஏறியிருக்கிறது. ஏறிய வலுவோடு ஒரு பழைய திறமை வருவதும் போவதுமாக இருந்தால், அதற்கான காரணத்தைச் சில்லுக்குள் தேடிப் பயனில்லை.

ஆனாலும் உண்மையான தொல்லைகள் சில இருந்தன. அவற்றைச் சொல்லாமல் வழக்காடுவது நியாயமில்லை. வீடியோ கோப்பு என்பது ஒரு டிபன் கேரியர். ஓர் அடுக்கில் படம், ஓர் அடுக்கில் ஒலி, இன்னோர் அடுக்கில் சப்டைட்டில். கேரியரைத் திறக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. ஒவ்வோர் அடுக்கிலும் இருக்கும் பண்டத்தைச் சாப்பிடத் தெரிந்திருக்க வேண்டும். பிளேஸ்டேஷன் 4-இன் செயலி எம்.கே.வி. என்ற கேரியரைத் திறக்கும். அதற்குள் படம் எச்.264 முறையிலும் ஒலி எம்.பி.3, ஏ.ஏ.சி., ஏ.சி.3 ஆகியவற்றுள் ஒன்றிலும் இருக்க வேண்டும் என்பது அதன் பட்டியல். 2017-இல் புதிய ஐஃபோன்கள் எச்.இ.வி.சி. முறையில் வீடியோ எடுக்கத் தொடங்கின. பட்டியலில் அது இல்லை. எனவே 2014-இல் எடுத்த முதல் பிறந்தநாள் ஓடும், 2018-இல் எடுத்த ஐந்தாவது பிறந்தநாள் ஓடாமல் போகலாம். கோப்பின் அளவு இன்னொரு தொல்லை. பிளேஸ்டேஷன் 3-க்குத் தெரிந்த ஃபேட்32 முறையில் ஒரு கோப்பு 4,294,967,295 பைட்டைத் தாண்டக் கூடாது. அதாவது 4 ஜிகாபைட். நல்ல தெளிவில் எடுத்த இரண்டு மணி நேர வீடியோ அதில் அடங்காது. துண்டு போட வேண்டும். 1975-இல் சோனி விற்ற பீட்டாமேக்ஸ் கசெட்டிலும் ஒரு மணி நேரம்தான் பதிவு செய்ய முடிந்தது. முழுப்படம் அடங்காத அந்தக் கசெட்டை, இரண்டு மணி நேரம் பிடித்த வி.எச்.எஸ். முந்திச் சென்றதற்கு இந்த அளவும் ஒரு காரணம். ஆனால் இவையெல்லாம் தீர்ந்துபோன தொல்லைகள். பெரிய கோப்புகளைத் தாங்கும் எக்ஸ்ஃபேட் முறையின் விவரக்குறிப்பை மைக்ரோசாஃப்ட் 2019-இல் வெளிப்படையாக வெளியிட்டது. பிளேஸ்டேஷன் 4-ஏ அந்த முறையைப் படித்தது.

இந்தத் தடைகளை எளிதாகத் தாண்டிக் காட்டியவர்கள் ஓய்வு நேரத்தில் நிரல் எழுதிய ஆர்வலர்கள். அந்தக் கதையைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். 2001-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸில் 733 மெகாஹெர்ட்ஸ் சில்லும் 64 மெகாபைட் நினைவகமும் இருந்தன. இன்றைய மலிவான கைபேசியோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. அதில் டிவிடி படம் பார்க்கக்கூடத் தனியாக ஒரு ரிமோட் வாங்க வேண்டியிருந்தது. டிவிடி உரிமக் கட்டணம் அந்த ரிமோட்டின் விலையில் சேர்ந்திருந்தது. 2002-இல் சிலர் அந்தப் பெட்டியின் பூட்டைத் திறந்து எக்ஸ்பாக்ஸ் மீடியா பிளேயர் என்ற நிரலை அதற்குள் ஓடவிட்டார்கள். அது வளர்ந்து எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டர் ஆயிற்று. அன்று புழங்கிய வீடியோ வகைகளில் பெரும்பாலானவற்றை 64 மெகாபைட்டுக்குள்ளேயே அது ஓட்டியது. அதை இயங்கும் நிரலாக மாற்ற மைக்ரோசாஃப்டின் உரிமம் பெற்ற கருவிகள் தேவைப்பட்டன. அதனால் ஆர்வலர்கள் மூல நிரலை மட்டுமே வெளியிட்டார்கள். 2008-இல் அதிலிருந்து பிரிந்த கிளைதான் பிளெக்ஸ் என்ற மீடியா நிரல். 2010-இல் பழைய எக்ஸ்பாக்ஸுக்கான வேலையை நிறுத்திக்கொண்டார்கள். 2014-இல் நிரலின் பெயரைக் கோடி என்று மாற்றினார்கள். பிறந்த பெட்டியையும் பெயரையும் விட்டுவிட்ட அந்த நிரல், 2017 டிசம்பரில் மைக்ரோசாஃப்டின் கடை வழியாகவே எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்குள் வந்தது. பூட்டை உடைத்து உள்ளே போன ஒன்றை, 15 ஆண்டு கழித்து வீட்டுக்காரரே கதவைத் திறந்து கூப்பிட்டுக்கொண்டார். அப்படிக் கூப்பிட்டதால் எக்ஸ்பாக்ஸ் வியாபாரம் முழுகிப் போய்விடவில்லை.

இங்கே எழும் பெரிய மறுப்பு திருட்டுப் படம் பற்றியது. கதவைத் திறந்தால் கல்யாண வீடியோவோடு திருட்டுப் படமும் வரும் என்பார்கள். வரும்தான். இந்த வாதத்துக்கு மிகச் சிறந்த பதிலைச் சொன்ன நிறுவனம் சோனியே. வீட்டில் தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பதிவு செய்ய உதவும் பீட்டாமேக்ஸ் கருவியே திருட்டுக்குத் துணைபோகிறது என்று யுனிவர்சல், டிஸ்னி நிறுவனங்கள் 1976-இல் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தன. கீழ் நீதிமன்றத்தில் சோனி வென்றது, மேல்முறையீட்டில் தோற்றது. 1984 ஜனவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சோனியின் பக்கம் தீர்ப்பளித்தது. பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்து வைப்பது நியாயமான பயன்பாடு. குறிப்பிடத்தக்க நேர்மையான பயன் உள்ள கருவியை, சிலர் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்பதற்காகக் குற்றம் சொல்ல முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். எந்த வீடியோ கருவியால் அழிவோம் என்று ஹாலிவுட் பயந்ததோ, அந்தக் கருவிக்கு விற்ற கசெட்டுகளின் வருமானம் சில ஆண்டுகளில் திரையரங்க வசூலையே மிஞ்சியது. 1989-இல் சோனி கொலம்பியா பட நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. வீடியோவில் அதுவரை கருவி செய்பவராக மட்டும் இருந்தவர் அன்றிலிருந்து படத்துக்கும் சொந்தக்காரர். அவருடைய அக்கறை இரண்டாகப் பிரிந்ததில் வியப்பில்லை. ஆயினும் 1984-இல் சரியாக இருந்த நியாயம் இன்றும் சரிதான். திருட்டைப் பிடிக்க வேறு வழியும் அவர்கள் கையில் இருந்தது. வணிகப் படங்களின் ஒலிக்குள் காதுக்குக் கேட்காத அடையாளத்தைப் பொதித்து வைக்கும் சினாவியா என்ற முறையைப் பிளேஸ்டேஷன் 3 அறிந்திருந்தது. திருட்டுப் பிரதியில் அதைக் கண்டால் சிறிது நேரத்தில் ஒலியை நிறுத்திவிடும். அந்த முறையில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ஆனால் கல்யாண வீடியோவை விட்டுவிட்டுத் திருட்டுப் படத்தை மட்டும் தடுக்க முடியும் என்பதற்கு அது சான்று.

செலவையும் பாதுகாப்பையும் காட்டி மறுப்பவர்களும் உண்டு. வீடியோ முறைகளுக்குக் காப்புரிமைக் கட்டணம் உண்டு என்பது உண்மை. ஆனால் டிஸ்க் போடும் பிளேஸ்டேஷன் 5 அல்ட்ரா எச்.டி. புளூரே படங்களை ஓட்டுகிறது, அவை எச்.இ.வி.சி. முறையில் ஆனவை. ஓட்டும் திறமை ஏற்கெனவே பெட்டியில் இருக்கிறது. எம்.பி.3, ஏ.சி.3 ஆகியவற்றின் காப்புரிமைகள் 2017-இலேயே முடிந்துவிட்டன. பாதுகாப்பு பற்றிய அச்சத்துக்கு அடிப்படை உண்டு. 2005-இல் சோனியின் பி.எஸ்.பி. என்ற கைப்பெட்டியின் பூட்டு, டிஃப் வகைப் படக்கோப்பு ஒன்றால் திறக்கப்பட்டது. வெளியிலிருந்து வரும் எந்தக் கோப்பும் சோதித்து ஏற்க வேண்டியதுதான். ஆனால் இணைய உலாவியும் அரட்டையில் வரும் படங்களும் அதே ஆபத்தைச் சுமந்துதான் வருகின்றன. அவற்றை நிறுவனங்கள் மறுக்கவில்லை. வேலி போட்டு ஒரு மூலையில் ஓட விடுகின்றன. எக்ஸ்பாக்ஸில் கோடிக்குச் செய்ததும் அதுவே.

யார் இப்போது பென் டிரைவைச் செருகிப் பார்க்கிறார்கள், எல்லாம்தான் இணையத்தில் வருகிறதே என்பது கடைசி மறுப்பு. இணையத்தில் வருவது போகவும் செய்யும். சோனி தன் கடையில் படம் விற்பதை 2021 ஆகஸ்டோடு நிறுத்தியது. 2022-இல் ஜெர்மனி, ஆஸ்திரியா வாடிக்கையாளர்கள் காசு கொடுத்து வாங்கிய ஸ்டுடியோகனால் நிறுவனத்தின் படங்கள் அவர்கள் கணக்கிலிருந்து நீங்கின. 2023 டிசம்பரில் டிஸ்கவரி நிகழ்ச்சிகளும் அப்படியே நீங்கப்போகின்றன என்று அறிவித்து, எதிர்ப்புக்குப் பின் அதே மாதம் அதைக் கைவிட்டார்கள். அந்த அறிவிப்பு நாளில் வாங்கியவர் கையில் இருந்தது வெறும் ரசீது. மேசை இழுப்பறையில் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள கோப்பை அப்படி யாரும் அறிவித்து எடுக்க முடியாது. தவிர, வீட்டு வீடியோவை எந்தக் கடையும் விற்பதில்லை. பாட்டியின் குரல் எந்தச் சந்தாவிலும் சேராது. பார்ப்பவர் நான்கே பேர் என்பது அதன் மதிப்பைக் குறைக்காது. அந்த நான்கு பேருக்கு அதற்கு மாற்று வேறில்லை.

தமிழர்களுக்கு இந்த வருத்தம் பழகியது. 1980களிலும் 90களிலும் யாழ்ப்பாணத்தில் எடுத்த கல்யாணக் கசெட், கனடாவிலுள்ள அண்ணனின் டெக்கில் ஓடாது. இலங்கையில் பால் என்ற ஒளிபரப்பு முறை, நொடிக்கு 25 சட்டகங்கள், 625 கோடுகள், கனடாவில் என்.டி.எஸ்.சி. முறை, 30 சட்டகங்கள், 525 கோடுகள். காசு கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும், அல்லது எல்லா முறையும் அறிந்த மல்ட்டி சிஸ்டம் டெக் வாங்க வேண்டும். அன்று தடுத்தது நாட்டுக்கு நாடு மாறிய ஒளிபரப்பு முறை. அந்தத் தடை மறைந்துவிட்டது: இன்று எம்.பி.4 உலகெங்கும் ஒன்றேதான். மிச்சமிருப்பது விருப்பமின்மை மட்டுமே. அது மாற வேண்டுமானால் வாங்குபவர்கள் வாய் திறக்க வேண்டும். 2013-இல் இல்லாதது 2015-இல் வந்தது கேட்டதால்தான். வீட்டு வீடியோவின் ஒரு பிரதியை எச்.264 முறையில் எம்.பி.4 கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். மிகப் பெரும்பாலான கருவிகள் இன்று அதை அறியும். புதுப் பெட்டி வாங்கப் போகும்போது அதைப் பென் டிரைவில் எடுத்துச் சென்று, விலை கேட்கும் முன், இது ஓடுமா என்று கேளுங்கள்.