புளியந்தோப்புக்கு ஒரு நாற்காலி

மோதல் ஆய்வு படிக்க வரும் இளங்கலைப் பிள்ளைகள் எடுத்த எடுப்பிலேயே கேட்பது, யார் பக்கம் நியாயம் என்றுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்ச நாள் தள்ளிவைக்கப் பழக்குவது என் வேலையில் பாதி. பாடநூலில் வட அயர்லாந்து இருக்கும், தென்னாப்பிரிக்கா இருக்கும். பெரம்பூர்க்காரனான எனக்குப் பின்னி மில் போதும்.

1918 ஏப்ரல் 27 அன்று இங்கே பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கம், பி.பி.வாடியா, செல்வபதி செட்டியார், திரு.வி.க. என்று பெயர்களைக் கடகடவென ஒப்பித்துவிடுவார்கள். நான் கையில் எடுப்பது அதே மில்லின் 1921 வேலைநிறுத்தம். வரைபடம் போடச் சொன்னால் இரண்டு வட்டம் வரும்: முதலாளி, தொழிலாளி. நடுவில் ஒரு கோடு. வேலை முடிந்ததென்று உட்கார்ந்துவிடுவார்கள்.

அந்த ஜூன் கடைசியில், மில்லுக்கு அருகே புளியந்தோப்பில் எரிந்த குடிசைகள் யாருடையவை என்று அப்போது கேட்பேன். ஆதிதிராவிடத் தொழிலாளரில் பலர் மில்லுக்குள் போனார்கள். சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நின்றார்கள். ஆலைத் தகராறு தெருச் சண்டையானது. வட்டங்கள் பெருகும்: ஆதிதிராவிடருக்காகப் பேசிய எம்.சி.ராஜா, ஆட்சியிலிருந்தும் அரசின் தொழிலாளர் துறையைச் சாடிய நீதிக்கட்சியினர், ஒத்துழையாமையில் இறங்கியிருந்த காங்கிரஸ், கவர்னர் வில்லிங்டன், போலீஸ். ஆகஸ்ட் 29 அன்று துப்பாக்கிச்சூடு. அக்டோபரில் போராட்டம் முறிந்தது.

வேலைக்குப் போனவர்களைக் ‘கருங்காலி’ என்று யாராவது எழுதினால் அழிக்கச் சொல்வேன். வசையை வைத்துக்கொண்டு அலச முடியாது. எங்கள் தொழிலில் வெங்காயம் என்றொரு கருவி உண்டு: மேல்தோல் நிலைப்பாடு, அடுத்தது நலன், உள்ளே தேவை. வேலைக்குப் போவது நிலைப்பாடு. இந்த வார அரிசி நலன். அதற்கும் உள்ளே? தெருவில் தீட்டென்று ஒதுக்குகிறவன் ஆலை வாசலில் தோழன் என்று கூப்பிட்டால் எதை நம்பிப் போவது? அமைதி ஆய்வாளர் கால்டுங் 1969இல் எழுதிய கட்டமைப்பு வன்முறை, அதாவது யாரும் கை ஓங்காமலே சமூக அமைப்பே இழைக்கும் கேடு, இந்த இடத்தில்தான் பிள்ளைகளுக்குப் பிடிபடுகிறது. அதை அனுபவித்தே அறிந்து வியாசர்பாடியிலிருந்து வருகிறவர்களுக்கு நான் விளக்கவே வேண்டியதில்லை.

அலசலிலிருந்து தீர்வுக்கு வந்தால், 1947இன் தொழில் தகராறுகள் சட்டம் பிரிவு 12(3) ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. சமரச அதிகாரி முன்னிலையில் கையெழுத்தானால், கையெழுத்துப் போடாத சங்கத்தின் தொழிலாளியையும் அது கட்டுப்படுத்தும் என்றது அந்தச் சட்டம். அப்பா எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ ஆலை வேலை பார்த்திருந்தால் இந்த எண் வீட்டிலேயே காதில் விழுந்திருக்கும். செமஸ்டர் முடிவில் அதை 1921க்குக் கொண்டுபோய் ஒரு முத்தரப்புப் பேச்சுவார்த்தை நடிக்கவைப்பேன். (திரு.வி.க. ஆக எப்போதும் போட்டி. வில்லிங்டனைத்தான் கெஞ்சிப் பிடிக்கவேண்டும்.) புளியந்தோப்பின் ஆதிதிராவிடத் தொழிலாளிக்குத் தனி நாற்காலி உண்டா என்பதிலேயே முதல் மணிநேரம் போய்விடும். ‘அவங்களுக்கும் சேர்த்து நாங்களே பேசுறோம் சார்’ என்பார்கள் சங்கத் தரப்பில். நிர்வாகத் தரப்போ, தனி நாற்காலியைத் தானே தூக்கிவந்து போடும். தொழிலாளர் பிரிந்திருப்பது அவர்களுக்கு வசதி. இரண்டையும் வேண்டாமென்று சொல்ல புளியந்தோப்புக்காக நடிக்கும் பிள்ளை எழுந்திருக்கும்வரை நான் குறுக்கே போவதில்லை.