சுமந்தவரும் வென்ற ஆட்டம்

கோல்ஃப் ஆட்டத்தைப் பற்றி எழுத உமக்கென்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. மத்திய அரசு அலுவலகமொன்றில் இருபது ஆண்டுகளாகக் கோப்புகளோடு உறவாடிவரும் எழுத்தர் நாம். கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டதும் இல்லை. ஆயினும் 2004-ஆம் ஆண்டில் பணியேற்று டில்லி வந்தது முதல் பல்லாண்டுகள் டாக்டர் ஜாகிர் உசேன் சாலை வழியாகவே அலுவலகம் சென்று வந்தோம். அச்சாலையில்தான் டில்லி கோல்ஃப் கிளப் இருக்கிறது. அதன் சுற்றுச்சுவருக்கு இப்பால் நின்று பார்த்தவையும், கல்லூரியில் பி.ஏ. வரலாறு பயின்ற பழக்கத்தால் தேடிப் படித்தவையுமே இக்கட்டுரைக்கு முதல். நம் சொந்தக் கதையொன்றும் இடையே வரும். அது ஏன் என்பது இறுதியில் விளங்கும்.

1930-களின் தொடக்கத்தில், ஆங்கிலேயர் புதிய தலைநகரை எழுப்பி முடித்த காலத்தில், லோதி கோல்ஃப் கிளப் என்ற பெயரில் தொடங்கியது இக்களம். 1950-இல் இன்றைய பெயரைப் பெற்றது. உள்ளே பழைய கல்லறை மாடங்கள் பல உண்டு. அவற்றுள் செந்நிறக் கல்லால் அமைந்த லால் பங்களா புகழ்பெற்றது. மயில்கள் உலவும், இருமருங்கும் கீகர் முட்புதர்கள் அடர்ந்திருக்கும். ஆடுகளம் மிகக் குறுகியது. பந்து சற்றே விலகினாலும் புதருக்குள் போய்விடும். பிறகு அதை மீட்க ஓர் அடியோ ஈரடியோ வீணாகும். ஆகவே இக்களத்தில் தோள்வலியைவிட இடமறிதலே பெரிது.

இக்களத்தோடு பிரிக்கவொண்ணாதபடி பிணைந்தது இந்தியன் ஓப்பன் என்னும் ஆண்டுப் போட்டி. 1964-இல் இது தொடங்குவதற்குப் பெரிதும் காரணமாயிருந்தவர் ஆஸ்திரேலிய வீரர் பீட்டர் தாம்சன். அதற்கு முன்பே பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை நான்கு முறை வென்றிருந்த மேதை அவர். 1965-இல் ஐந்தாம் முறையும் வென்றார். கீழைநாடுகளிலும் தொழில்முறைக் கோல்ஃப் வேரூன்ற வேண்டும் என்று உழைத்த அவரே முதலாண்டுப் பட்டத்தையும் வென்றார். பின்னர் 1966-இலும் 1976-இலும் மீண்டும் வென்றார். டில்லிக் களத்தை 1970-களில் திருத்தி அமைத்தவரும் அவரே.

ஓப்பன் என்னும் சொல்லை இங்கே சற்று விளக்குவது நலம். தொழில்முறை ஆட்டக்காரரும், பணம் பெறாமல் விருப்பத்துக்காக ஆடும் அமெச்சூர்களும் ஒருங்கே கலந்துகொள்ளத் திறந்துவைக்கப்பட்ட போட்டி என்பது அதன் பொருள். நான்கு நாள் ஆட்டம், நாளொன்றுக்குப் பதினெட்டுக் குழிகள், மொத்தம் எழுபத்திரண்டு. குறைந்த அடிகளில் முடிப்பவரே வெற்றியாளர். இரண்டு நாள் ஆட்டம் முடிந்ததும் பின்தங்கியோரைக் கழித்துவிடுவர். கழிக்கப்பட்ட தொழில்முறை ஆட்டக்காரருக்கு வெறுங்கைதான்.

1965-இல் போட்டி கல்கத்தாவில் நடைபெற்றது. 1829-இல் தோன்றிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அமைந்த கோல்ஃப் கிளப்புகளில் மிகப் பழமையானது. அங்கே தொழில்முறை வீரர்களையெல்லாம் பின்தள்ளி வென்றவர் பி. ஜி. சேத்தி என்ற இந்தியர். அவர் அமெச்சூர்; ஆகவே பட்டம் மட்டுமே அவருக்குரியது, பரிசுப்பணம் அன்று. அதன்பின் நெடுங்காலம் இந்தியர் எவருக்கும் இப்பட்டம் கிட்டவில்லை. 1967-இலும் 1968-இலும் ஜப்பானியரான கெஞ்சி ஹோசோயிஷி வென்றார். 1981-இல் அமெரிக்க இளைஞர் பெய்ன் ஸ்டூவர்ட் வென்றார். பின்னாளில் இரண்டு முறை அமெரிக்க ஓப்பன் பட்டம் பெற்று உலகப் புகழ் எய்தியவர் அவரே. வெளிநாட்டார் வருவர், வெல்வர், செல்வர். நம் நாட்டார் பலர் அவர்களுடைய பையைச் சுமந்து பின்னே நடப்பர்.

அப்படிச் சுமப்பவருக்கு ஆங்கிலத்தில் கேடி என்று பெயர். நம்மூரில் காவல் நிலையப் பட்டியலில் பெயர் ஏறியவனையே கேடி என்போம்! இக்கேடியோ விடியுமுன் வந்து, பிறர் விளையாட்டுக்குத் தோள் கொடுப்பவர். ஓர் ஆட்டத்துக்குப் பதினான்கு மட்டைகள்வரை கொண்டுசெல்லலாம். அவையும் பந்தும் குடையும் சேர்ந்த பை எளிய சுமையன்று. அவர் வெறும் சுமையாளும் அல்லர். தனியாட்டத்தின்போது ஆட்டக்காரர் யோசனை கேட்கத் தக்கவர் அவர் ஒருவரே என்பது ஆட்ட விதி. காற்று எப்பக்கம், தரை எவ்வளவு சரிவு, எந்த மட்டை எடுப்பது என்பதையெல்லாம் அவர் சொல்லலாம். ஆனால் கணக்கு அட்டையில் அவர் பெயர் இராது. குறிப்பெழுதுவது நாம், கையொப்பமிடுவது அதிகாரி என்று இருபதாண்டு பழகிய நமக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றவில்லை.

இருபத்தாறு ஆண்டுகள் கழிந்தன. 1991-இல் டில்லிக் களத்தில் இந்தியன் ஓப்பனை வென்றார் அலி ஷேர். இப்பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் அவரே. அதே களத்தில் கேடியாக இருந்தவர் அவர்! எந்தப் புதர்களிடையே பிறர் பந்தைத் தேடித் திரிந்தாரோ, அப்புதர்களுக்கு அகப்படாமல் தம் பந்தைச் செலுத்தி வென்றார். அவ்வாண்டு அர்ஜுனா விருது பெற்றார். 1993-இல் மீண்டும் பட்டம் வென்றார். நாம் டில்லி வந்த பிறகு, சாலையோரத் தேநீர்க்கடையில் முதிய கேடி ஒருவர் இதை நமக்குச் சொன்னார். "அன்று நானும் உள்ளேதான் இருந்தேன், பாபுஜி. என் தோளில் வேறொருவர் பை" என்றார். சொன்னபோது அவர் முகத்தில் பொறாமை இல்லை. தம் வீட்டுத் திருமணத்தைப் பற்றிப் பேசுவார் போலப் பேசினார்.

அதன்பின் கதவு திறந்தே நின்றது. 1998-இல் ஃபிரோஸ் அலி, 1999-இல் அர்ஜுன் அத்வால், 2000-இல் ஜ்யோதி ரந்தாவா, 2002-இல் லக்னோவின் விஜய் குமார் என இந்தியர் வென்றனர். ரந்தாவா 2006-இலும் 2007-இலும் மீண்டும் வென்றார். 2013-இல் வென்றவர் வங்கதேசத்தின் சித்திகுர் ரஹ்மான். அவரும் டாக்காவின் குர்மிடோலா களத்தில் கேடியாயிருந்து ஆட்டம் கற்றவரே. 2015 முதல் ஐரோப்பியச் சுற்றும் இப்போட்டியில் இணைந்தது. அவ்வாண்டு சமநிலை முறிப்பாட்டத்தில் அனிர்பன் லாஹிரி வென்றார், தோற்றவர் எஸ்.எஸ்.பி. சௌரசியா.

இந்தச் சௌரசியாவின் வரலாறு நம்மைப் பெரிதும் ஈர்த்தது. அவர் தந்தையார் ராயல் கல்கத்தா கிளப்பில் புற்றரை பேணிய ஊழியர். அந்தப் புற்றரையிலேயே வளர்ந்து ஆட்டம் கற்றவர் மகன். இனி நம் கதைக்கு வருகிறோம்.

2016 மார்ச்சில் நம் தந்தையார் ஊரிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்தார். புது டில்லி நிலையத்தில் அவரிடம் இருந்தது ஒரே ஒரு சிறு பை. அதை நாம் வாங்க முனைந்தபோது தடுத்தார். அங்கே நின்ற செஞ்சட்டை முதியவரிடம் அதைக் கொடுத்தார். பேரம் பேசாமல் கேட்ட கூலியை ஈந்தார். காரணம் நமக்குத் தெரியும். நம் தந்தையார் திருச்சிச் சந்திப்பில் சுமை தூக்கியவர். ஆனால் இதை நம் சங்கத்தார் எவரிடமும் நாம் சொன்னதில்லை. கேட்டவர்க்கெல்லாம் "ரயில்வேயில் இருந்தார்" என்றே சொல்லிவந்தோம். பொய்யன்று என்று நம்மை நாமே தேற்றிக்கொண்டோம். சுமைக்காரருக்கு ரயில்வே கொடுப்பது பித்தளை வில்லைதான், சம்பளமன்று என்பதை நாம் அறியாதவரல்லோம்.

சனிக்கிழமை மாலை சங்க நிகழ்ச்சிக்கு அவரை அழைத்துச் சென்றோம். அன்பர் ஒருவர் வணங்கி, "ரயில்வேயில் எந்தப் பிரிவில் இருந்தீர்கள், ஐயா?" என்று வினவினார். தந்தையார் ஒரு கணம் நம்மைப் பார்த்தார். "ஸ்டேஷன்லதாங்க" என்றார். அத்தோடு பேச்சு வேறுபக்கம் திரும்பியது. மகன் சொன்னதை அவர் காப்பாற்றிவிட்டார்.

மறுநாள் இந்தியன் ஓப்பனின் இறுதி நாள். அலுவலக நண்பர் இரண்டு நுழைவுச் சீட்டுகள் தந்திருந்தார். பன்னிரண்டு ஆண்டுகளாக வெளியே நின்று பார்த்த சுவருக்குள் அன்றுதான் முதன்முதலாகக் கால் வைத்தோம். நாம் ஆட்டத்தைப் பார்த்தோம். தந்தையாரோ கேடிகளைப் பார்த்தார். "நாங்க சும்மாடு வெச்சுத் தலையில ஏத்துவோம். இவங்க ரெண்டு தோள்லயும் பட்டை மாட்டிக்கிறாங்க. இது நல்லது, கழுத்து போகாது" என்று ஒரு தொழிலாளிக்குரிய கவனத்தோடு சொன்னார். அன்று லாஹிரியையும் கொரிய வீரரான ஜங்ஹுன் வாங்கையும் இரண்டு அடிகளில் பின்தள்ளிச் சௌரசியா பட்டம் வென்றார். முந்தைய ஆண்டு கைதவறிய பட்டம் அது. கூட்டம் ஆரவாரித்தது.

வீடு திரும்பும் வழியில் வெற்றியாளரின் தந்தையார் யார் என்பதைச் சொன்னோம். தந்தையார் கேட்டது ஒன்றே: "அத அவரு வெளியில சொல்றாரா?"

"ஆமாம் அப்பா. பத்திரிகைகளிலும் எழுதுகிறார்கள், எல்லாருக்கும் தெரியும்."

அவர் தலையசைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார். வேறெதுவும் பேசவில்லை. நம்மைக் கடிந்திருந்தால்கூட ஆறுதலாயிருந்திருக்கும்.

அடுத்த ஆண்டு, 2017-இல், போட்டி டில்லியைவிட்டுக் குருகிராமத்துக்கு இடம்பெயர்ந்தது. தென்னாப்பிரிக்க மேதை கேரி பிளேயர் வகுத்த அக்களம் அகன்றது, கடினமானது. குறுகிய டில்லிக் களத்துக்கு முற்றிலும் வேறானது. அங்கும் சௌரசியாவே ஏழு அடிகளில் வென்றார். பழகிய புதர்களால்தான் வென்றார் என்று எவரும் சொல்வதற்கு அவர் இடம் வைக்கவில்லை. பெருந்தொற்றினால் 2020 முதல் 2022 வரை போட்டி நடைபெறவில்லை. 2023-இல் ஜெர்மனியின் மார்செல் சீம், 2024-இல் ஜப்பானின் கெய்ட்டா நகாஜிமா, 2025-இல் ஸ்பெயினின் யூஜினியோ சகாரா ஆகியோர் வென்றனர். பரிசுத் தொகை இருபது லட்சம் டாலரைக் கடந்துவிட்டது.

தந்தையார் 2019-இல் காலமானார். 2017 செய்தியைத் தொலைபேசியில் சொன்னபோது, "அந்தப் புல்லு வெட்டறவரு மகனா? நல்லா இருக்கட்டும்" என்றார்.

ஊரைவிட்டு வந்த நம்மவர் பலரும் ஒரு சுமையைச் சுமந்தே வந்தோம். சிலர் அதை இறக்கி வைத்து, இன்னதென்று காட்டுகிறோம். சிலர் மூடி மறைக்கிறோம். மறைத்தவர்களில் நாமும் ஒருவர். நம் பிள்ளைகளுக்கு இந்த மலர் கையில் கிடைக்கும்; அவர்கள் தாத்தாவைப் பற்றிச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதினோம்.

அன்று கேள்வி கேட்ட அன்பருக்கும் இப்போது விடை சொல்லிவிடுகிறோம். ஐயா, நம் தந்தையார் திருச்சிச் சந்திப்பில் முப்பத்தோராண்டுகள் சுமை தூக்கினார். அந்தக் கூலியில்தான் நாம் பி.ஏ. படித்தோம்.